நகரசபை பரிந்துரைத்த வான்கோழி

உருளைக்கிழங்கை மட்டும் பிறீசரில் வைக்கக் கூடாது. சமைத்து வைத்தால் இரண்டாம் கிழமையே மணல் மணலாகிவிடும். கரட், லீக்ஸ், கோவா மூன்றும் தாங்கும். அவையும் அரை அவியலாக இருக்க வேண்டும். முழுதாக அவிந்த மரக்கறி உறைந்து இளகும்போது களியாகிப் போகும்.

நடந்ததை முதலிலிருந்து எழுதித் தாருங்கள் என்று நீங்கள் கேட்டதால்தான் இங்கிருந்து தொடங்குகிறேன், சுசீலாதேவி அவர்களே. ஹ்விடோவ்ரேயிலிருந்து ரயிலேறி, ரயிலோடு கப்பலுமேறி, ஒரு மொழிபெயர்ப்பாளராக டென்மார்க்கின் இந்த ஹோர்சன்ஸ் வரைக்கும் வந்திருக்கிறீர்கள். தவராஜாவின் கடிதங்களுக்கு என்ன நடந்தது என்பது உங்கள் கேள்வி. அதற்கும் வருவேன். ஆனால் வான்கோழியை விட்டுவிட்டுக் கடிதத்தை மட்டும் சொன்னால் நான் கெட்டவன் போலத் தெரியும்.

என் பெயர் நேசராஜா. வயது நாற்பத்துநாலு. யாழ்ப்பாணத்தில் பதினாறு வருடம் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்தேன். நான் சந்தைக்குள் நுழைந்தால் மீன்காரர்கள் விலை கூவுவதை நிறுத்திவிட்டு ஈ விரட்டத் தொடங்குவார்கள். இங்கே வந்த பிறகு ஒரு கோழித் தொழிற்சாலையில் வேலை. அங்கே வெள்ளிக்கிழமைகளில் அரைத்த வான்கோழி இறைச்சியை வேலையாட்களுக்குக் குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள். டேனிஷ்காரர்களே அதை அவ்வளவாக வாங்க மாட்டார்கள். நான் வாங்குவேன். கொழுப்பே இல்லாத இறைச்சி அது. இங்கர் என்ற அம்மா மாலை வகுப்பில் பிறீசர் சமையல் சொல்லிக்கொடுத்தார். பதினெட்டுப் பெண்களுக்கு நடுவில் நான் ஒருவன்தான் ஆண். பாடக்குறிப்பு எழுதியதும் நான் ஒருவன்தான்.

எண்பத்தாறாம் ஆண்டு புரட்டாதியில் நகரசபை அகதிகளாக வந்த எங்கள் மூன்று பேருக்கும் ஒரு பழைய வீட்டைத் தந்தது. தவராஜாவுக்கு முப்பது வயது. மனைவி யோகமலர் ஊரில். நகரசபையிடம் கேட்டிருந்த வேறு வீடு கிடைத்தால் அவளைக் கூப்பிடுவான். மூன்று ஆண்கள் இருக்கிற வீட்டுக்கு எப்படிக் கூப்பிடுவது என்று கூச்சம். எந்த வீடு என்று தெரியாமலே மலிவு விற்பனையில் யன்னல் சீலைத்துணி ஆறு மீற்றர் வாங்கி, மடித்துத் தலையணைக்கடியில் வைத்திருந்தான். மற்றவன் றொபேர்ட். இருபத்தைந்து வயது, வாய் கொஞ்சம் நீளம்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் சமைப்பேன். இறைச்சியை எண்ணெய் விடாமல் வறுத்து, வெங்காயம், இஞ்சி, உள்ளி, கொஞ்சம் வெந்தயம் போட்டு, மரக்கறியைப் பொடியாக வெட்டிக் கலந்து, நன்றாக ஆறவைத்து, பழைய ஐஸ்கிறீம் பெட்டிகளில் அடைத்து, மூடியில் திகதியும் ஆளின் பெயரும் எழுதி நிலவறை பிறீசரில் அடுக்குவேன். காலையில் எடுத்து வைத்தால் மாலை வேலை விட்டு வரும்போது இளகியிருக்கும். தவராஜா வெள்ளிக்கிழமை மச்ச மாமிசம் தொட மாட்டான். அவனுக்குப் பயறும் கரட்டும் தனிச்சட்டியில் சமைத்து, மூடியில் திருநீற்றுக்குறி போல மூன்று கோடு கீறி வைப்பேன். நான் வேதக்காரன், யேசுவைக் கும்பிடுகிறவன். ஆனாலும் ஒருநாள்கூட அந்தப் பெட்டி மாறியதில்லை. என் நேர்மையை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

முதல் கிழமை இரண்டு பேரும் குறை சொல்லாமல் சாப்பிட்டார்கள். இரண்டாம் கிழமை றொபேர்ட் வனிலா ஐஸ்கிறீம் பெட்டி ஒன்றை ஆசையோடு திறந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுழித்தான்.

"அண்ணை, இது ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரிக் கிடக்கு. ஒரு சொட்டுத் தேங்காய்ப்பால் விட்டால் குறைஞ்சே போவீங்கள்?"

தவராஜா தட்டைப் பார்த்தபடியே, "ஓம் அண்ணை, ஆட்டிறைச்சி சாப்பிட்டுக் கனநாளாச்சு" என்றான்.

எனக்குக் கடுமையான கோபம் வந்தது. தேங்காய்ப்பாலில் இருக்கிற கொழுப்பைப் பற்றி முக்கால் மணி நேரம் விளக்கினேன். பயனில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஆட்டுத் தொடை ஒன்றை வாங்கி வந்து, என்னைச் சமையலறைக்கு வெளியே நிற்க வைத்துவிட்டுச் சமைத்தார்கள். அப்போது பிறீசரில் அறுபது பெட்டி இருந்தது.

அந்தக் கிழமைதான் முதல் கடிதம் வந்தது. கொமூனிலிருந்து. கொமூன் என்றால் நகரசபை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் வீட்டில் டேனிஷ் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். கொமூன் கடிதம் வந்தால் அவர்கள் உறையைக்கூடக் கிழிக்க மாட்டார்கள். கையைத் துடைத்துவிட்டு இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு வருவார்கள். எங்களை வைத்திருப்பதா அனுப்புவதா என்ற முடிவு அதற்குள் இருக்குமோ என்ற பயம்.

"நேசண்ணை, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ."

குப்பை எடுக்கும் நாள் செவ்வாயிலிருந்து வியாழனுக்கு மாறுகிறது என்று எழுதியிருந்தது. அதை அப்படியே சொன்னேன். பிறகு அவர்கள் முகத்தைப் பார்த்தேன். இன்னும் ஏதோ வரப்போகிறது என்று காத்திருந்தார்கள். ஆகவே, குளிர்காலத்தில் அகதிகள் கொழுப்புக் குறைந்த வான்கோழி இறைச்சியும் மரக்கறியும் உண்பது விரும்பத்தக்கது என்றும் எழுதியிருக்கிறது என்றேன்.

அன்று மாலை இரண்டு பேரும் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள். வியாழக்கிழமை குப்பையும் சரியாகப் போனது. நான் சொன்னதில் பாதி உண்மை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

பிறகு மின்சார மீற்றர் வாசிப்புக் கடிதம் வந்தது. அதில் தேங்காய்ப்பாலைத் தவிர்க்கும்படி இருந்தது. நூலகத்திலிருந்து றொபேர்ட்டுக்கு வந்த நினைவூட்டலில், புத்தகத்தைத் திருப்பித் தருவதோடு வீட்டுக்குள் சிகரட் பிடிப்பதையும் நிறுத்தும்படி இருந்தது.

"லைப்ரரிக்காரனுக்கு நான் சிகரட் பத்துறது எப்பிடி அண்ணை தெரியும்?"

"இந்த நாட்டில எல்லாத்துக்கும் பதிவு கிடக்கு, தம்பி."

அவன் அன்றிலிருந்து வாசலில் பனிக்குள் நின்றுதான் பிடித்தான். இதையெல்லாம் தவராஜா யோகமலருக்கு எழுதியிருக்கிறான். 'சாப்பாட்டைக்கூட அரசாங்கம் கவனிக்கிறதெண்டால் அது நல்ல நாடுதான், நான் கெதியா வந்துவிட வேணும்' என்று அவள் பதில் போட்டாளாம். அவன் அதை எனக்கு வாசித்துக் காட்டியபோது பெருமையாக இருந்தது. ஒரு சுகாதாரப் பரிசோதகனுக்கு வேறு என்ன வேண்டும்.

தை மாதம் தவராஜாவின் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. இரண்டு அறை வீடு ஒன்று காலியாகிறது, மாசி முதலாம் திகதி குடிபோகலாம், எட்டு நாளைக்குள் பதில் தரவும் என்று இருந்தது. அவன் என் எதிரே நின்று துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

நான் யோசித்தேன். பங்குனி முடியும்வரை மூன்று பேருக்கு என்று கணக்குப் போட்டு அடுக்கியிருக்கிறேன். ஒருவன் போனால் அவன் பெயர் எழுதிய பெட்டிகளை என்ன செய்வது? திருநீற்றுக்கோடு போட்ட பெட்டிகளை யார் சாப்பிடுவது? இது உணவு விரயம். ஒரு பொறுப்புள்ள மனிதன் உணவை விரயமாக்க மாட்டான்.

"என்னவாம் அண்ணை?"

"ஹீற்றரைக் கூட்டி வைக்க வேண்டாமாம்."

கடிதத்தைக் கிழிக்கவில்லை. அரச ஆவணத்தைக் கிழிப்பது குற்றம். பொலித்தீன் பையில் சுற்றி, 'வான்கோழி, பீற்றூட்' என்று எழுதிய பெட்டியில் போட்டு, பிறீசரின் அடியில் வைத்தேன். பீற்றூட் கலந்ததை அந்த வீட்டில் ஒருவரும் தொடுவதில்லை. நகரசபை சொன்னாலும் தொடுவதில்லை.

பங்குனியில் இரண்டாவது கடிதம் வந்தது. வேறு வீடு, இன்னும் நல்லது, பல்கனியும் உண்டு. முன்பு அடுக்கிய பெட்டிகள் அதற்குள் முடிந்திருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். முடியவில்லை. மாசியில் நான் இன்னும் நாற்பது சமைத்துவிட்டேன். சனிக்கிழமையில் வேறு என்ன செய்வது? அந்தக் கடிதத்தையும் பீற்றூட் பெட்டிக்குள் வைத்தேன். அவனிடம், கோழிப்பண்ணை நோய் பற்றிய அறிவித்தல் என்றேன். வான்கோழிக்கு அந்த நோய் வராதாம் என்று எழுதியிருப்பதாகவும் சொன்னேன்.

சித்திரை வந்தது. தவராஜா மெலிந்துகொண்டு போனான். கொழுப்புக் குறைகிறது என்று நான் நினைத்தேன். ஒருநாள் என் அறை வாசலில் வந்து நின்றான்.

"நேசண்ணை, கொமூனுக்கு ஒரு கடிதம் எழுதித் தாங்கோ. பிச்சை கேக்கிற மாதிரி எண்டாலும் பரவாயில்லை. ஒரு அறை போதுமெண்டு எழுதுங்கோ."

அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு பின்னேரம் இருந்து எழுதினேன். என் டேனிஷில் ஒரு பிழைகூட இல்லை என்று நீங்களே சொன்னீர்கள். 'உங்கள் இரண்டு கடிதங்களுக்கும் நன்றி. எனக்கு வீடு தேவையில்லை. என் மனைவி இந்த நாட்டுக்கு வர விரும்பவில்லை. இங்கே சாப்பாடு மிகவும் நன்றாக இருக்கிறது.' முதல் வசனம் மரியாதைக்கு. அடுத்த இரண்டும் கொஞ்சம் மிகை. நாலாவது முழு உண்மை.

அவன் அதன் அடியில் ஆற அமர, பெரிதாகக் கையெழுத்து வைத்தான். பிறகு என் இரண்டு கையையும் பிடித்து, "உங்களைப் போல ஒராள் கிடைச்சது எங்கட புண்ணியம் அண்ணை" என்றான். அன்று அவனுக்கு இரண்டு பெட்டி சூடாக்கிக் கொடுத்தேன்.

அந்தக் கடிதத்தில் அவன் வைத்த நம்பிக்கைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. வீடு வந்தமாதிரித்தான் என்று நினைத்து, யன்னல் அளவு கேட்பதற்காகச் சீலைத்துணியைச் சுருட்டிக்கொண்டு நகரசபைக்கே போய்விட்டான். அங்கிருந்த பெண் அவன் கையெழுத்துப் போட்ட கடிதத்தை எடுத்து அவன் முன்னால் வைத்துவிட்டு உங்களுக்குத் தொலைபேசி எடுத்தாள். நீங்கள் அதைத் தமிழில் சொன்னீர்கள். நகரசபை விவகாரம் ஒன்றை என் வாயால் அல்லாமல் அவன் கேட்டது அதுதான் முதல் தடவை. எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, "அக்கா, நகரசபை வான்கோழியைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையோ?" என்று அவன் கேட்டதாக நீங்கள் சொன்னீர்கள்.

அவன் வீட்டுக்கு வந்தபோது அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. கடிதங்கள் எங்கே என்று மட்டும் கேட்டான். நிலவறைக்குக் கூட்டிக்கொண்டு போய் எடுத்துக் கொடுத்தேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை, ஒரு எழுத்துக் கரையவில்லை. அவன் அவற்றை மடியில் வைத்துக்கொண்டு படியில் குந்தியிருந்து அழுதான். மேலே நின்ற றொபேர்ட் விஷயம் விளங்க ஐந்து நிமிடம் எடுத்தான்.

"அப்ப சிகரட்?" என்றான்.

அவன் சமையலறை நடுவில் நின்று ஒன்றைப் பற்றவைத்தான்.

தைக்கும் சித்திரைக்கும் இடையில் யோகமலரின் வீட்டுக்கூரை ஷெல் விழுந்து இரண்டு தடவை பறந்தது என்று நேற்று நீங்கள் சொன்னீர்கள். ஆளுக்கு ஒன்றுமில்லை என்றும் சொன்னீர்கள். எனக்கு அது தெரியாது. அவள் கடிதங்கள் தமிழில் வரும், அவற்றை அவன் தானே வாசித்துக்கொள்வான், பிடித்ததை மட்டும் எனக்குச் சொல்லுவான். அவளிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இதை அப்படியே மொழிபெயருங்கள், ஒரு சொல்லும் குறைக்க வேண்டாம்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். இரண்டு கடிதங்களை மறைத்தேன். ஏழு கடிதங்களைப் பிழையாக வாசித்தேன். ஒரு கடிதத்தைப் பொய்யாக எழுதி அவன் கையாலேயே கையெழுத்து வாங்கினேன். ஆனால் உங்கள் குறிப்பில் காரணம் என்ற இடத்தில் 'தனிமை' என்று எழுதியிருந்ததைத் தலைகீழாக இருந்தாலும் நான் வாசித்துவிட்டேன். அதை வெட்டிவிடுங்கள். காரணம் சத்துணவு. நான் தனியாக இருக்கத் தெரியாத ஆளில்லை.

தவராஜாவுக்கு நீங்கள் வைலேயில் வீடு எடுத்துக் கொடுத்தீர்கள். நல்லது. யோகமலர் ஆடியில் வருகிறாளாம். றொபேர்ட்டும் அதே ஊரில் அறை பார்த்துக்கொண்டு போய்விட்டான். சனிக்கிழமை சாமான் ஏற்ற வான் வந்தது. பெட்டிகளைக் கொண்டுபோகச் சொன்னேன், இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் பெயர் எழுதிய அறுபத்தொரு பெட்டி கீழே இருக்கிறது. எல்லாம் நல்ல நிலையில்.

நேற்று எனக்கு ஒரு கடிதம் வந்தது. என் பெயருக்கு, நகரசபையிலிருந்து. வீட்டில் கேட்பதற்கு ஒருவரும் இல்லை. இருந்தாலும் பழக்கம் விடவில்லை, கையைத் துடைத்துவிட்டுச் சமையலறை நடுவில் நின்று சத்தமாக வாசித்தேன். இந்த வீடு ஒருவருக்குப் பெரிது, மாதமுடிவில் ஒற்றை அறைக்கு மாற வேண்டும் என்று எழுதியிருப்பதாக நீங்கள் சொல்லக்கூடும். நான் வாசித்தபோது அப்படி இருக்கவில்லை. மூன்று பேரும் அடுத்த பங்குனிவரை ஒன்றாகவே இருப்பது விரும்பத்தக்கது என்றுதான் இருந்தது.