மூணு வருசமா முழுங்கின மாத்திரை

– கைய அசைக்காத நல்லம்மா. இன்னொரு தடவ பாத்துருவோம்.

– ரெண்டு தடவ பாத்தாச்சு மீரான் அண்ணே. அமுக்கி அமுக்கிக் கையே மரத்துப் போச்சு.

– அதே நம்பர்தான் வருது... நூத்தி எழுபது. உனக்கு வயசு என்னா?

– முப்பத்தி ரெண்டு. ஐசி கார்டுல முப்பத்தி நாலு.

– எதுவா இருந்தாலும் இந்த வயசுல இவ்வளவு பிரஷரு இருக்கக் கூடாது. தலவலி எப்பலேர்ந்து?

– அது கெடக்கு. ரப்பர் பால் வாளியத் தூக்குறவங்க எல்லாருக்கும்தான் தல வலிக்குது. நீங்க மாத்திரைய எடுங்க.

– கண்ணு?

– கண்ணுக்கு என்னா?

– இருட்டிக்கிட்டு வருதா? பூச்சி பறக்குதா?

– ...போன வாரம் மரம் சீவுறப்ப ஒரு பக்கம் தெரியல. கொஞ்ச நேரந்தான். உக்காந்தேன், சரியாப் போச்சு.

– ஒரு பக்கம் கண்ணு தெரியலங்குற, கொஞ்ச நேரந்தாங்குற!

– கோப்பெங் பஸ்ஸு மூணு மணிக்குண்ணே. எடுத்துக் குடுத்தா போயிட்டே இருப்பேன்.

– மாத்திரை தர முடியாது.

– என்னாது?

– தர முடியாதுன்னேன். இந்த மாத்திரதான் பிரஷர ஏத்துது. கடை போடுறதுக்கு முந்தி பதினாறு வருசம் ஆஸ்பத்திரியில கட்டுப் போடுற டிரஸரா இருந்தவன் சொல்றேன், கேட்டுக்க. நாளைக்கு ஒரு பக்கம் கை காலு இழுத்துக்கிட்டா உன் நாலு புள்ளைங்கள யாரு பாப்பா?

– அஞ்சாவது வந்தா மட்டும் யாரு பாப்பா? குடுக்கலேன்னா வேற கடைக்குப் போறேன். ஈப்போவுல இது ஒண்ணுதான் மருந்துக்கடையா?

– போ லா. எதிர்த்தாப்புல சீனன் கடை இருக்கு. குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரைன்னு வாயத் தொறந்து கேட்டுருவியா?

– ...கேட்டுருவேன்.

– கேக்க மாட்ட. மொத நாளு இங்க வந்து முக்கா மணி நேரம் தலவலித் தைலத்தையே மோந்து பாத்துக்கிட்டு நின்னவ நீ.

– நீங்க மட்டும் என்னாவாம்? "தெனம் ஒண்ணு, மறக்கக் கூடாது"ன்னு செவுத்தப் பாத்துக்கிட்டே சொன்னீங்க. செவுத்துக்குத்தான் மருந்து குடுக்குறாரு போலன்னு நெனச்சேன்.

– சிரிக்காத. ஒரு நாளாச்சும் மறந்துருக்கியா?

– ஒரு நாளும் மறந்ததில்ல.

– பெரிய படிப்பு படிச்ச டீச்சருங்க எல்லாம் மறந்துட்டு ஓடி வாராங்க. நீ மட்டும் எப்புடி?

– காலையில பேரு கூப்புடுற பெரட்டுக்குப் போறதுக்கு முன்ன, வெளக்கு ஏத்தாம முழுங்கிருவேன். அட்டைய அரிசி டின்னுக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கேன். மறந்தா எனக்கு உசுரு இல்லண்ணே.

– சரி... மாத்திரைய விடு. வேற வழி இருக்கு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. லூப்பு வச்சு விடுவாங்க.

– போயிட்டு வந்தாச்சு.

– எப்ப?

– திருவிழாவுக்கு முன்ன. நர்ஸு மிஸ்ஸி ஒரு தாளக் குடுத்து, புருசன் கையெழுத்து வாங்கிட்டு வான்னுட்டா.

– வாங்கிட்டுப் போறது. ஐயாவு நல்ல மனுசன்தானே. குடி கெடையாது, உன்னக் கை நீட்டி ஒரு அடி அடிச்சதில்ல...

– நல்ல மனுசன்தான். அதனாலதான் சொல்ல முடியல.

– என்னா பேச்சு இது? சரி, ஆம்பளைங்க போட்டுக்குற உறை இருக்கு. அதையாச்சும்...

– சொன்னா கேக்குற ஆளா?

– யாரு, ஐயாவு கேக்க மாட்டானா? வரச் சொல்லு, நான் பேசு...

– அண்ணே, ஆளு வாராங்க! தைலத்த எடுங்க, தைலத்த!

– வா சீனி, வா வா. என்னா, முட்டி வலியா?

– முட்டிதான் பாய். இந்த மழைக்கு மடக்க முடியல... அட, நம்ம நல்லம்மா! வேலை நாளுல டவுன்ல நிக்கிற?

– சின்னவனுக்கு இருமல் சீனிண்ணே. மருந்து வாங்க வந்தேன்.

– வேலை மேய்க்குற மண்டோரு எப்புடி லீவு விட்டாரு? எனக்கு டாக்டரு சீட்டு குடுத்துருக்காரு, அதக் காட்டியும் பெரட்டுல அத்தன பேரு முன்னால நிக்க வச்சு ஏசுறாரு. நீ கேட்டா மட்டும் போயிட்டு வான்றாரு. குடுத்து வச்சவ நீ!

– இந்தா சீனி, உன் மருந்து. சூடு பறக்கத் தேய்ச்சுக்க. பஸ்ஸ விட்றாத.

– வெரட்டுறீங்களே பாய்! சரி, வாரேன். நல்லம்மா, ஞாயித்துக்கெழம கோயில் கூட்டம். ஐயாவுகிட்ட சொல்லிரு.

– சொல்றேன்ணே.

– போயிட்டான்... பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பிட்டான். உனக்கு ஏன் இப்புடி வேர்க்குது?

– ஒண்ணுமில்ல. மாத்திரையக் குடுங்க.

– நல்லம்மா...

– அட்டை இன்னையோட முடிஞ்சு போச்சு. நாளைக்கு முழுங்க ஒண்ணுமில்லண்ணே. உங்க கால்ல வேணும்னாலும் விழுறேன்.

– அய்யய்யோ, எந்திரி! முழுங்காம இரு. ஒண்ணும் ஆகாது.

– என்னா ஒண்ணும் ஆகாது?

– உனக்குப் புள்ள நிக்காது.

– நீங்க என்னா சாமியாடியா, குறி சொல்றதுக்கு?

– குறி இல்ல. எனக்குத் தெரியும்.

– எப்புடித் தெரியும்?

– யா அல்லா... அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காரு.

– நின்னே கேக்குறேன்.

– மூணரை வருசத்துக்கு முந்தி ஐயாவு, தைப்பிங்குல அக்கா வீட்டுக்குப் போறேன்னு அஞ்சு நாளு போனான்ல...

– ம்.

– அக்கா வீட்டுக்குப் போகல. ஆஸ்பத்திரியில ஆபரேசன் பண்ணிக்கிட்டான். புள்ள பொறக்காம இருக்குற ஆபரேசன். நாலாவது பிரசவத்துல உனக்கு ரத்தம் நிக்காம போச்சே, அதப் பாத்துப் பயந்துட்டான். உள்ள இருக்குற பெஞ்சுலதான் படுக்க வச்சு நான் தையல் பிரிச்சேன். "தோட்டத்து லயத்துல தெரிஞ்சா இவன் ஆம்பளையே இல்லன்னு சிரிப்பாங்க பாய், நல்லம்மாவுக்கும் தெரிய வேணாம்"னு என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதான். வாக்குக் குடுத்துட்டேன்.

– அதுக்கப்புறம் அஞ்சு மாசம் கழிச்சுத்தான் நான் மொத தடவ இங்க வந்தேன்.

– ஆமா.

– தெரிஞ்சேதான் மாத்திரை குடுத்தீங்க.

– ...குடுத்தேன்.

– மாசா மாசம். வாந்தி எடுக்குறேன், கால் வீங்குதுன்னு வந்து சொன்னப்பவும்.

– சொல்ல வாய் வரலம்மா. ஒரு ஆம்பள மானம்...

– அவரு மானத்தக் காப்பாத்த எனக்கு மாத்திரை வித்தீங்க.

– திட்டு. செருப்பக் கழட்டி அடி. நான் பண்ணது பாவந்தான். அதான் இன்னைக்கு வாக்க ஒடச்சிட்டேன். இனிமே அந்த வெசம் உனக்கு வேணாம். நிம்மதியா வீட்டுக்குப் போ.

– நிம்மதியாவா?

– ஏன், நம்பலையா?

– நம்புறேன். எனக்கு அன்னைக்கே தெரியும்ணே.

– என்னா தெரியும்?

– தைப்பிங்குலேர்ந்து வந்த மனுசன் கால அகட்டி அகட்டி நடந்தாரு. சைக்கிள்ல ஏற மாட்டேன்னாரு. கட்டுன நாள்லேர்ந்து ஒரு துணி அலசாதவரு, எனக்குத் தெரியாம தன் துணியத் தானே தொவச்சாரு. பொண்டாட்டிக்குத் தெரியாதா? எனக்காகப் பண்ணிக்கிட்டாருன்னு புரிஞ்சுது. அவரா சொல்லட்டும்னு நானும் கேக்கல.

– தெரிஞ்சுமா... தெரிஞ்சுமா மூணு வருசம் இத முழுங்குன? எதுக்குலா? யாருக்காக?

– அவருக்குச் செவப்பு அட்டைண்ணே. இந்த நாட்டுக் குடியுரிமை இல்ல. வருசா வருசம் வேலை பெர்மிட்டுக்குத் தோட்டத்து ஆபீசுல கையெழுத்தாகணும். ஆகலேன்னா வேலை இல்ல, லயத்து வீடும் இல்ல, இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டியதுதான். அந்தத் தாள ஆபீசுக்குக் கொண்டுட்டுப் போறவரு மண்டோரு. எனக்கு மட்டும் ஆளில்லாத கடைசி மர நெரையப் பிரிச்சுக் குடுக்குறாரு. மூணு வருசமா அங்க வாராரு. என் புருசன் ஆபரேசன் பண்ணிக்கிட்டாரு... மண்டோரு பண்ணிக்கல. வயித்துல ஒண்ணு நின்னா, அது தன்னோடது இல்லன்னு என் புருசனுக்கு அன்னைக்கே தெரிஞ்சு போகும். இப்ப சொல்லுங்கண்ணே, மாத்திரை குடுப்பீங்களா மாட்டீங்களா?