மூணாவது தடவை

— அதையே எத்தனை தடவைண்ணா கேப்ப? கால் ஒத்துழைக்கல. விடு.

— எப்படி விடறது, நெட்டை? டிவியில ஊரே பாத்துச்சு. இன்னும் ஒரு தடவை குதிக்க வாய்ப்பு இருக்கு. தாண்டினா வெண்கலம். நீ என்னடான்னா ஜாக்கெட்டை மாட்டிக்கிட்டு, பையைத் தூக்கிட்டு நடந்து போற. உலகப் போட்டிடி அது!

— ரோட்டைப் பாத்து ஓட்டு.

— பாத்துதான் ஓட்டறேன். ஏர்போர்ட் வர்ற வழியில பெட்ரோல் போட நின்னா, அங்க ஒருத்தன் கேக்கறான், உன் தங்கச்சி பயந்துட்டாளான்னு.

— நீ என்ன சொன்ன?

— முறைச்சேன். முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம், மாடிப்படி ஏறினாலே பெரிசுன்னு டாக்டர் கைவிரிச்சாரு. அப்பவும் எழுந்து வந்து குதிச்சவ நீ. பயமாம்!

— தங்கம் வாங்கினவளும் கடைசியில கம்பியைத் தட்டிட்டுத்தான் வெளிய வருவா. உயரம் தாண்டற ஆட்டமே அப்படி.

— தட்டியிருந்தா நான் ஏன் கேக்கறேன்? நீ குதிக்கவே இல்லையே.

— அண்ணா, அப்பா டயர் கடையில பழைய டியூபை எல்லாம் அடுக்கி, மேல தார்ப்பாயைக் கட்டி விடுவாரே, நான் குதிச்சுப் பழக. நான் விழற நேரம் பாத்து முதுகைக் காட்டி நின்னுக்குவாரு.

— ம்.

— போன உலகப் போட்டிக்கும் டிவி முன்னாடி உக்காரலயாமே. வாசல்ல நின்னுக்கிட்டு, ‘எழுந்துட்டாளா, எழுந்துட்டாளா’ன்னு அம்மாவை நச்சரிச்சாராம்.

— ம்.

— என்ன, நம்ம தெருவைத் தாண்டிப் போற?

— ஒரு டீ குடிக்கலாமேன்னு பாத்தேன்.

— முகத்தைக்கூட மழிக்கல நீ.

— வேலை... நெட்டை, வண்டியை ஓரங்கட்டறேன். ஒண்ணு சொல்லணும். உன் போட்டி முடியற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு அம்மாதான்...

— அண்ணா.

— ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறதுக்குள்ளயே... அப்பா...

— அழாதண்ணா. எனக்குத் தெரியும்.

— தெரியுமா? யார் சொன்னா?

— ஸ்டேடியம் போற பஸ்ல, நம்ம டீம்ல நீளம் தாண்டற பொண்ணு. பக்கத்துல வந்து உக்காந்து, கையைப் புடிச்சுக்கிட்டு அழுதா. நம்ம வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்துட்டுப் போன அவங்க அம்மா ஃபோன்ல சொல்லியிருக்காங்க. எனக்கும் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சிட்டா பாவம்.

— தெரிஞ்சுக்கிட்டா போய்க் குதிச்ச?

— வேற எங்கண்ணா போறது? ஓட்டல் ரூம்ல சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காரவா?

— அப்ப மொத ரெண்டு தடவை...

— நிஜமாத்தான் குதிச்சேன். கம்பி விழுந்துருச்சு. மூணாவதுக்குப் போய் நின்னப்ப, இது தாண்டிரும்னு தெரிஞ்சுபோச்சு. இத்தனை வருஷம் ஆச்சு, உடம்பு பொய் சொல்லாது.

— தாண்டிரும்னு தெரிஞ்சுமா நடந்து போன? ஏன்டி?

— தாண்டியிருந்தா மேடையில ஏத்தியிருப்பாங்க. அத்தனை கேமரா முன்னாடி நான் சிரிக்கணுமேண்ணா.