இரண்டு மணி ஆட்டம்

சாப்பிட்டதும் சாய்ந்து உட்கார்ந்தால்தான் எனக்கு யோசனை ஓடும். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆராய்ச்சிக்கூடத்தின் ஆறாவது மாடியில், காற்றை உறிஞ்சும் பம்புக்கு நான் காவல். நாற்காலியைச் சாய்க்கும் சுவருக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மாவின் கருவி. காற்றில்லாத ஒரு பெட்டிக்குள், கார்பன் நுண்குழாய் ஒன்றைத் துணி காயப்போடும் கொடி மாதிரி இழுத்துக் கட்டியிருந்தார். தலைமுடியைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லியது. ஒரு கிருமி வந்து உட்கார்ந்தாலும் அதன் துடிப்பு மாறும். அதை வைத்துக் கிருமியின் எடையைச் சொல்லிவிடலாம். இரண்டு வருட உழைப்பு.

ஆனால் தினமும் மதியம் இரண்டு மணிக்குக் கொடி கண்டபடி ஆடியது.

“இந்த நேரத்துல அப்படி என்னதான் நடக்குது இங்க, ஐயா?”

லிஃப்டாக இருக்கும் என்றேன். லிஃப்டை நிறுத்தினார்கள். அதை ஓட்டிய என் மச்சானைக் கிடங்குக்கு மாற்றினார்கள். அவன் என் மனைவியின் தம்பி. நான் குறட்டை விடுவதாக வீட்டில் நாற்பது வருடமாக நடக்கும் வழக்கில் அவள் தரப்புக்கு ஒரே சாட்சி. அது தற்செயல்.

“உங்க குறட்டைக்கு என் லிஃப்ட் என்ன மச்சான் பாவம் பண்ணுச்சு?” என்று கேட்டுவிட்டுப் போனான். வாய் நீளம் அவனுக்கு.

ஆட்டம் நிற்கவில்லை. எதிர்த்தெரு நடனப்பள்ளியைக் கைகாட்டினேன். பிள்ளைகள் ஒரு மாதம் உட்கார்ந்தபடியே ஆடினார்கள். டாக்டரம்மா பாதியாக இளைத்துவிட்டார். ஆறு மாடி ஏறியதும் ஒரு காரணம்.

பிறகு பல்வலி என்று ஒருநாள் விடுப்பு எடுத்தேன். மறுநாள் ஒரு தாளோடு வந்தார்.

“நேத்து மட்டும் கோடு நேரா இருக்கு. தப்பா நினைக்காதீங்க ஐயா, மதியம் தூங்குவீங்களா?”

“கண்ணை மூடி யோசிப்பேன்.”

“நீங்க யோசிக்கறது சுவரைத் தாண்டி வருதே!” சிரித்தார். “இதை நாளைக்கு மேலிடத்துல காட்டிட்டா போதும். லிஃப்ட் ஓடும், உங்க மச்சானும் வந்துடுவாரு.”

வந்தால் அந்தத் தாளோடு நேராக அக்காவிடம்தான் போவான்.

அவர் கை கழுவப் போனார். பம்பை நிறுத்தி, சுவருக்கு அந்தப் பக்கம் போய், பெட்டிக்குள் காற்றை விட்டு மூடியைத் திறந்து, சூடான பாலை ஆற்றுவது போல மெல்ல ஒருமுறை ஊதினேன். அவ்வளவுதான், கொடி அறுந்தது. தாளையும் மென்று விழுங்கினேன்.

கோபத்தில் செய்யவில்லை. பொய் சொல்லும் கருவியை அறிவியலில் விட்டுவைக்கக் கூடாது. ஒவ்வொரு மதியமும் அந்த நாற்காலியில் நான்தான் இருந்தேன். ஒருநாள்கூடக் குறட்டைச் சத்தம் என் காதில் விழுந்ததில்லை.