ஒரே கைப்பேசியில் மூன்று பிரதிகள்

திருத்தணியிலிருந்து கனகம்மாசத்திரம் செல்லும் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் இருவர் அமர்ந்திருந்தனர். இளையவர் ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி ஓட்டுபவர். மூத்தவர் அவருடைய மனைவியின் அண்ணன். இவை பேச்சினூடே விளங்கின. இளையவர் கூறிய ஒரு வாக்கியமே என் செவியை ஈர்த்தது.

“மூணு காப்பி வச்சிருந்தேன் பாவா. மூணும் ஒரே நாள்ல பூட்ச்சி.”

“எங்கெங்க வச்சிருந்த?”

“போன்லதான். ‘பாட்டு’ன்னு ஒரு ஃபோல்டர், ‘பாட்டு ரெண்டு’ன்னு ஒண்ணு, ‘பத்திரம்’னு ஒண்ணு. போன் தண்ணித் தொட்டில வுழுந்துட்ச்சி.”

“மூணு பீரோல பூட்டின, சரி. மூணையும் ஒரே வீட்லயா வைப்பாங்க?”

“சர்ச்சுல நாங்க பாடினதெல்லாம் அதுலதான். எப்பவோ உங்க தங்கச்சி போனுக்கும் அனுப்பினேன். அத வாங்கத்தான் வரேன்.”

“அவ கோச்சிகினு வந்து ஒரு மாசம் ஆவுது. இப்ப பாட்டுக்காக வரியா?”

“அழிச்சிருப்பாளா பாவா?”

“அழிக்கறதா? எங்க வீட்ல தெனம் காலையிலருந்து அதான் ஓடிகினு இருக்குது.”



“எம்மேல கோவம்னா, நான் பாடினத ஏன் கேக்கறா?”

“ஆங், அத என்னக் கேட்டா? அவளக் கேளு.”

பேருந்து கனகம்மாசத்திரத்தை நெருங்கிற்று. இருவரும் எழுந்தனர்.

“அவ பாட்டெல்லாம் அனுப்பிட்டாள்னா, வேல முடிஞ்சுது, கெளம்புன்னு சொல்லிடுவாளா பாவா?”

“சொன்னாலும் சொல்லுவா.”

“அப்ப பாட்ட இன்னிக்கிக் கேக்க வேணாம்,” என்று கூறியவாறே இளையவர் இறங்கினார்.