இழுக்கிற மூச்சு

மத்தியானம் ரெண்டரை மணி. ராத்திரி இல்ல... மத்தியானம். தொழிற்பேட்டைக்குப் பின்னால போற ரோடு. ஞாயித்துக்கிழமைங்கிறதால ஒரு லாரி கூட இல்ல.

என்கூட வேலை பார்த்தவனோட அத்தானுக்கு நடந்தது. அக்கா புருஷன். ஹெவி மெட்டல்னு காது கிழியுற மாதிரி வாசிக்கிற கோஷ்டி ஒண்ணுல பேஸ் கிட்டார் வாசிச்சார். நாலு பேரும் நைட் ஷிஃப்ட் ஆளுங்க, அதனால பயிற்சி பகல்லதான். மூடிப்போன குளிர்பதனக் கிடங்கு. ஜன்னல் கிடையாது. கதவு ஒரு ஜாண் கனம். உள்ள பழைய ஐஸ் வாடை, இத்துப்போன ரப்பர் வாடை. லைட்டை அணைச்சுட்டுத்தான் வாசிப்பாங்க.

டிரம்ஸ் அடிக்கிறவனுக்கு ஆஸ்துமா. பட்டப்பேரு விசில். மத்த கோஷ்டிங்க மாதிரி தடதடன்னு அவனால அடிக்க முடியாது. "உங்க ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல டீ குடிச்சுட்டு வந்துடலாம்டா"ன்னு கிண்டல் பண்ணுவாங்க. இவங்க அதையே தங்களோட பாணியா ஆக்கிக்கிட்டாங்க. கம்பியைத் தளர்த்தி, சுருதியை அடிமட்டத்துக்கு இறக்கி... ஒரே அடி. தரை அதிரும். பல்லு கூசும். அது தேஞ்சு அடங்குற வரைக்கும் யாரும் அசைய மாட்டாங்க. அப்புறம் விசில் மூச்சை இழுப்பான்... ஈஈஈன்னு. அதுதான் சைகை. எல்லாரும் ஒண்ணா அடுத்த அடி.

அன்னிக்கும் அப்படித்தான். அடி. அமைதி. ஈஈஈ... அடி.

டிரம் மட்டும் விழல.

"டேய், தூங்கிட்டியா?"ன்னார் அத்தான்.

"நான் இன்னும் மூச்சே இழுக்கலண்ணே."

யாரும் சிரிக்கல. அந்த அமைதியில மறுபடியும் ஈஈஈ... கதவுக்கு எதிர் மூலையில இருந்து. ஸ்டூல் சாயுற சத்தம். போன் வெளிச்சத்துல பார்த்தா விசில் தரையில கிடக்கான். வாய் திறந்திருக்கு. நெஞ்சு ஏறவே இல்ல. உதடு நீலம்.

பாடுறவன் பதறி, தடுக்கி, டிரம்ஸோட பித்தளைத் தட்டு சிம்பல் மேல விழுந்தான். அந்த ஓசை இருந்த வரைக்கும் விசிலோட நெஞ்சு ஏறி இறங்குச்சு. ஓசை அடங்குச்சு... நெஞ்சும் நின்னுடுச்சு. மூலையில ஈஈஈ. இப்போ இன்னும் கிட்ட.

அத்தானுக்குப் புரிஞ்சு போச்சு. அமைதி கிடைச்சா அது இழுக்குது.

"இவனை வெளிய தூக்கிட்டுப் போங்கடா. நான் வாசிக்கிறேன்."

ஜென்மத்துல வேகமா வாசிக்காத ஆளு. விரல் கிழிஞ்சு கம்பி வழுக்குற வரைக்கும், இடைவெளியே விடாம வாசிச்சார். ரெண்டு பேரும் விசிலைத் தூக்கி வெயில்ல போட்டுட்டாங்க. "வாண்ணே"ன்னு வெளியில இருந்து குரல்.

கிட்டார் வயரு கதவு வரைக்கும் எட்டாது. போகணும்னா நிறுத்தணும்.

நிறுத்தினார். ஓடினார். பின்னங்கழுத்துல சில்லுனு ஏதோ... அவ்வளவுதான். வந்துட்டார்.

விசில் பொழைச்சான். இப்போ மாடி ஏறினாக்கூட மூச்சு இளைக்கிறதில்ல.

அத்தான் அப்புறம் கிட்டாரைத் தொடல. தூங்கணும்னா ஃபேனும் ஓடணும், ரேடியோவும் ஓடணும். போன மாசம் ஷிஃப்ட் இல்லாத ஒரு ராத்திரி கரண்ட் போச்சு. ஃபேனும் ரேடியோவும் நின்னதும் அக்காவுக்கு முழிப்பு வந்துடுச்சு. பக்கத்துல ஈஈஈ... கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் ஈஈஈ... இழுக்கிற சத்தம் மட்டும். விடுற சத்தமே இல்ல.

டார்ச் அடிச்சாங்க. அத்தான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தார். ரெண்டு கையாலயும் மூக்கையும் வாயையும் இறுகப் பொத்திக்கிட்டு.

சத்தம் நிக்கல.