பச்சைக்குள் ஒரு பழுப்புக் கோடு

மாத்தளையில் புறப்பட்ட கண்டி பஸ்ஸில், முன் ஸீட்டில், தோட்டத்திலிருந்து வந்திருந்த தம்பி, பக்கத்தில் இருந்த அக்காவின் ஓவியத்தை மூடியிருந்த துணியை விலக்கினான். முழுவதும் பச்சை. குறுக்கே ஒரு பழுப்புக் கோடு. வெளியே மழை விடவில்லை.

“இந்த வெடிப்பு ஒனக்கு எப்படிக்கா தெரியும்?”

“என்ன வெடிப்பு? இது நம்ம லயத்து வீட்டுக்குப் பின்னால உள்ள மலை. நீ பொறக்க முன்ன ஒரு மழையில இப்படித்தான் கிழிஞ்சி மண்ணு சரிஞ்சிச்சி. ஒரு கிழமை முழுக்க கோயில்ல படுத்தோம். அந்த நிறம் மட்டும் மனசுல நிக்குது.”

“இப்பவும் அதே எடத்துலதான் வெடிச்சிருக்கு. மண்ணப் போட்டு மூடிட்டோம்.”

“அம்மா எங்கடா?”

“லயத்துலதான். மழைன்னு வேலைக்குப் போகல.”

அடுத்த நிறுத்தத்தில் இருவரும் இறங்கி, லயத்துக்குத் திரும்ப, மாத்தளைப் பக்கம் போகும் பஸ்ஸை மறிக்க ஓடினார்கள்.

ஓவியம் ஸீட்டிலேயே இருந்தது.