குளோரின் அட்டை

— நில்லு, நில்லு. சோடியம் இருக்கு, ஹைட்ரஜன் இருக்கு, ஆக்ஸிஜன் கட்டுக்கட்டா இருக்கு. குளோரின் எங்கடி?

— அது எதுக்கு புரொபசர்? ஏற்கெனவே அட்டை ஜாஸ்தி. பலகை, காய், அட்டை எல்லாம் சின்னதா, நீட்டா இருந்தா போதும்னு கெமிஸ்ட்ரி டீச்சரே சொல்லிட்டாங்க.

— குளோரின் இல்லாம உப்பு எப்படி வரும்? சோடியத்தையும் குளோரினையும் சேர்த்து யார் முதல்ல உப்பு பண்றாங்களோ அவங்க ஜெயிச்சாங்கன்னு நீதானே ரூல் எழுதின?

— தண்ணின்னு மாத்திக்கலாம். ரெண்டு ஹைட்ரஜன், ஒரு ஆக்ஸிஜன், ஆட்டம் முடிஞ்சது. நம்ம குரூப்பு மகாராணிக்கும் கலர் பண்ற வேலை மிச்சம். அவ இன்னும் ஹீலியத்துக்கு என்ன கலர் அடிக்கறதுன்னே யோசிச்சு முடிக்கல. இன்னிக்குத் தலைவலின்னு வரவும் இல்ல.

— ஹீலியம் எதுகூடவும் சேராது, அந்த அட்டை வந்தா ஒரு சுத்து கம்முனு உக்காரணும். அதுக்கு வெள்ளையே போதும்னு சொல்லு. நீ பேச்சை மாத்தாத. குண்டூசி, என் முகத்தைப் பாரு. நீதானே எடுத்த?

— சத்தியமா கெட்ட எண்ணத்துல எடுக்கலடி. அந்தப் பேரைப் பார்த்தாலே உனக்கு உங்கப்பா ஞாபகம் வரும். குடிதண்ணி பிளான்ட்ல அது கசிஞ்சுதானே அவரு உசிரு... அதான் எடுத்தேன்.

— நினைச்சேன்.

— கோவமா?

— கோவம் இல்ல. அலுப்பா இருக்கு. எங்க வீட்லயும் இதே கதைதான். அப்பாவோட யூனிஃபார்மை அம்மா எங்கயோ ஒளிச்சு வெச்சிட்டாங்க. பிளீச்சிங் பவுடர் வாங்கறதையே விட்டுட்டாங்க. நீச்சல் குளத்துல அந்த வாடை வரும்னு விளையாட்டு சார் என்னை மட்டும் லைப்ரரிக்கு அனுப்பிடறாரு. ஆளாளுக்கு எடுத்து எடுத்து ஒளிச்சா என்னடி மிஞ்சும்? எங்கப்பா அந்த வேலையை எவ்வளவு ஆசையா பார்த்தாரு தெரியுமா? ஊர்ல எந்தக் குழாயைத் திறந்தாலும் அதுல என் கை பட்டிருக்குன்னு பீத்திப்பாரு. ஒருத்தனுக்கும் வயித்தால போகலைன்னா அதுக்கு நான்தான் காரணம்னு சாப்பிடறப்பவே சொல்லுவாரு. அம்மா தலையில அடிச்சுப்பாங்க.

— பொண்ணுங்களா, கொஞ்சம் மெதுவா பேசுங்கடி. அப்பா இப்பதான் கண்ணசந்திருக்காரு.

— சரிம்மா. போறப்ப கதவைச் சாத்திட்டுப் போ.

— குண்டூசி, உங்கப்பாவுக்கு அன்னிக்கு பிளான்ட்ல ஆரம்பிச்ச இருமல் இன்னுமா நிக்கல?

— எங்க நிக்குது? டாக்டர் மருந்தை மாத்தி மாத்திக் குடுக்கறாரு. மறுபடி பிளான்ட்டுக்குப் போக மாட்டேன்னுட்டாரு. அதை விடு. இந்தா, குளோரின் அட்டை எல்லாம் என் பையிலதான் இருக்கு. எடுத்துக்கோ. போதுமா?

— போதாது. இதுக்கு நான் ஒரு ரூல் வெச்சிருக்கேன், கேளு. பலகையில இந்த மஞ்சள் கட்டம் இருக்கில்ல, அதுல காய் நின்னா கசிவு. ஆடறவன் மயங்கி விழுந்துட்டான்னு அர்த்தம்.

— பாம்பு கடிச்சா கீழ இறங்கற மாதிரிதானே? சரி, வெச்சுக்கலாம்.

— இரு, முடிக்கல. அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போன ஒருத்தர் இஷ்டப்பட்டா திரும்பி வந்து அவனைத் தூக்கலாம். தூக்கினா விழுந்தவன் பிழைச்சு ஆட்டத்தைத் தொடரலாம். தூக்கினவரோட காய் பலகையை விட்டு வெளிய போயிடும்.

— வேணாம். அந்த ரூல் வேணாம்.

— ஏன்?

— யாருடி அப்படி ஆடுவா? ஜெயிக்கத்தானே எல்லாரும் உக்காருவாங்க?

— யாராவது ஒருத்தர் ஆடுவாங்க.

— அப்போ பிழைச்சவன்? அவன் எப்படி டைஸை உருட்டுவான்? அதை யோசிச்சியா நீ? அவனுக்குக் கையே வராது. சுவத்தையே பார்த்துட்டு உக்காந்திருப்பான். சோறு இறங்காது. பெத்த பொண்ணு முன்னாடி வந்து நின்னாக்கூட யாரோ எவரோன்னு பார்ப்பான். எதுக்குடா பிழைச்சோம்னு...

— குண்டூசி. ஏய். எதுக்கு இப்படி அழற?

— உங்கப்பா வால்வை மூடத்தான் உள்ள போனாருன்னு பிளான்ட்ல சொன்னாங்கல்ல?

— ஆமா, அப்படித்தான் சொன்னாங்க.

— வால்வை அதுக்கு முன்னாடியே மூடியாச்சுடி. உங்கப்பா வெளிய வந்துட்டாரு. நல்லபடியா வந்துட்டாரு. எங்கப்பாதான் உள்ள விழுந்து கிடந்தாரு. ஆளைக் காணோம்னு தேடிட்டுத் திரும்பப் போனாரு. தன்னோட மாஸ்க்கைக் கழட்டி எங்கப்பாவுக்கு மாட்டிவிட்டுத் தோள்ல தூக்கிட்டு வந்திருக்காரு. அப்பாவே அம்மாகிட்ட சொல்லி அழுதாரு, நான் கேட்டுட்டேன். அந்த அட்டையை உனக்காக எடுக்கலடி, எனக்காகத்தான் எடுத்தேன். டீச்சர் நம்மளை ஒரே குரூப்ல போட்டப்போ பூமி பிளந்து உள்ள போயிட மாட்டோமான்னு இருந்துச்சு. இனிமே உனக்கு என் மூஞ்சியைப் பார்க்கவே பிடிக்காது இல்ல?

— டீச்சரா போடல. நான்தான் அவங்ககிட்ட கெஞ்சி உன் குரூப்புக்கு வந்தேன்.

— என்னடி சொல்ற?

— பிளான்ட் வேன் ஓட்டற அண்ணன் அன்னிக்கே எங்க வீட்ல வந்து எல்லாத்தையும் சொல்லிட்டாரு.

— தெரிஞ்சேவா வந்த? தெரிஞ்சேவா இத்தனை நாள் எங்க வீட்ல உக்காந்து எங்கம்மா குடுத்த டீயைக் குடிச்ச? எதுக்குடி? எங்களைத் திட்டறதுக்கா?

— சே, இல்லடி. இங்க வர எனக்கு வேற சாக்கு கிடைக்கல. உங்கப்பா எழுந்ததும் அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். தோள்ல தூக்கிட்டு வர்றப்போ எங்கப்பா ஏதாவது பேசினாரா?